பதினெட்டாங்கட்டை

துப்பாக்கிக்குத் தாள் கிடைத்த வாரம்தான்
போக ஓர் இடம் இல்லை என்று தெரிந்தது.
மூன்று ஏக்கர் செம்பனையில்
குருத்தைத் தோண்டும் பன்றிக்காக
எழுதித் தந்த தாள் அது.
மனசு மட்டும் மான் என்று
திருத்தி வைத்திருந்தது.

தவமலர் கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்:
"மான் கேட்டவள் நான் இல்லை.
நாளைக்கு ஏதாவது ஆனால்
கதையை என் தலையில் கட்டாதீங்க."

முதலில் கேட்டது டயர் கடை கொக் லியோங்கை.
நட்டைத் திருகியபடி, தலை தூக்காமல்:
"பதினெட்டாங்கட்டை. பழைய பால்மரக் காடு.
காலையில நாலு மணிக்குப் போ."

போனேன்.
பதினெட்டாங்கட்டையில் பால்மரம் ஒன்றுகூட இல்லை.
வரிசை வீடுகள். ஒரே அச்சில் கதவுகள்.
நுழைவில் பலகை: தாமான் ரூசா.
மான் பெயரில் வீடமைப்பு, மான் பெயரில் ஏழு சாலை.
நான்காம் சாலையில் ஒரு நாய்
என் கைவிளக்கைப் பார்த்துக் குரைத்துக் குரைத்து
தெருவையே எழுப்பிவிட்டது.
யாரோ ஜன்னலைத் திறந்து
மலாயில் திட்டினார், பிறகு தமிழில்.

பர்கர் கடை ஹாலிம்
ஆற்றுக்கு அக்கரை என்றான்,
மணல் அள்ளும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே.
அங்கே ஓர் எஸ்கவேட்டர்
கழுத்தை நீட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.
மங்கிய நிலாவில் ஒரு நிமிஷம்
மூச்சைப் பிடித்து நின்றேன்.
இதை வீட்டில் சொல்லவில்லை.

பெத்தாய் விற்கும் உஜாங்
விலை சொல்லும் அதே குரலில்
"தெரியாது" என்றான்.
தெரிந்தவன் சொல்லும் தெரியாது.

வனவிலங்கு அலுவலகத்தில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்
"மானுக்கு லைசன் மூடியாச்சு" என்றாள்.
எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன்.
காலண்டரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
"பன்றிக்குப் போங்க அங்கிள்."

துப்பாக்கியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.
ஆனால் இடம் தேட
யாரும் லைசன் கேட்பதில்லையே.

ஆலையில் லோரி நிறுப்பது என் வேலை.
நாளுக்கு அறுபது லோரி, அறுபது புகார்.
செங்கோடன் ஒருநாள் ரசீதுக்குக் கை நீட்டியபடி
இருபத்திரண்டாம் தீம்பாரில்
உர மூட்டை ஈரமாய்க் கிடக்கிறது என்றான்.
மழையா?
மழை இல்லை. கடிக்கவும் இல்லை.
நக்கினமாதிரி இருக்கு.

வியாழன் சாயங்காலம், வெறுங்கையோடு.
மோட்டாரை மண்டோர் கொட்டகையில் விட்டுவிட்டு
நிரை நிரையாய் நடந்தேன்.
ஓலை அடுக்கு முடிந்து காடு தொடங்கும் கோட்டில்
சேறு. சேற்றில் ஒரு பிளவு,
வேல் நுனி இரண்டு சேர்த்து அழுத்தியதுபோல்.
விரலை வைத்துப் பார்த்தேன்.
பின்குளம்பு பதியவில்லை: பன்றி இல்லை.
ஓரம் இன்னும் இடியவில்லை:
இன்றைக்குத்தான்.

நெஞ்சு அடித்துக்கொண்டது.
கடைசியில், என் இடம்.

யாரோ இருமினார்கள்.

செம்பனைக்குப் பின்னால் ஒரு பலகை.
பலகையில் கொக் லியோங்.
பக்கத்தில் ஹாலிம், மடியில் காப்பி ஃபிளாஸ்க்.
தரையில் உஜாங், கொசுவத்தியைக் காத்தபடி.
ஒருவரிடமும் துப்பாக்கி இல்லை.

"பதினெட்டாங்கட்டை என்றாயே?"
கொக் லியோங் கொஞ்சமும் கூசவில்லை.
அரை முழம் நகர்ந்து
பலகையில் எனக்கு இடம் விட்டான்.

எத்தனை வருஷமாய் என்று நான் கேட்கவில்லை.
பலகை வழுவழுப்பாய் இருந்தது.
இருட்டியது. கொசுக்கள் என்னைப் புதியவன் என்று
சரியாகக் கண்டுபிடித்தன.

எட்டு மணி இருக்கும்.
காட்டுக்குள் ஒரு குரைப்பு.
ஒற்றைக் குரைப்பு, முரட்டுக் குரல்.
நாய் என்று எழப் போனேன்.
உஜாங் என் சட்டை நுனியைப் பிடித்து உட்கார வைத்தான்.
"கிஜாங்," என்றான்,
உதடு அசையாமல்.

மறுபடி குரைத்தது, கொஞ்சம் கிட்டத்தில்.
ஹாலிமின் கையில் ஃபிளாஸ்க் மூடி
பாதி திறந்தபடியே நின்றது.

நேற்று ஆலைக்குப் புதிதாய் வந்த பையன்
லைசன் எடுத்திருக்கிறானாம்.
மானுக்கு எது அண்ணே நல்ல இடம் என்றான்.
ரசீதைக் கிழித்தபடி, தலை தூக்காமல்
சொன்னேன்.